முதலில் அளவு, அப்புறம் கரண்ட்: செயலை நிறுத்தும் வேகத்தை ஆராய வரும் புதியவர்களுக்கு

பாரிமுனையில் சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்துவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ கை காட்டாமல் திரும்புகிறது. முன்னால் போன கால் பாதியில் நின்று பின்வாங்குகிறது. யோசித்துச் செய்த காரியம் இல்லை, ஆனாலும் மூளை அதற்கு ஒரு நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தை அளப்பதும், தலையின் மேல் சிறு மின்னோட்டம் கொடுத்தால் அது மாறுகிறதா என்று பார்ப்பதும்தான் நம் வேலை.

சென்னையில் சைக்காலஜி படிக்கும் மாணவர்களும், நியூரோ பக்கம் வர ஆசைப்படும் இன்ஜினியரிங் பிள்ளைகளும் இந்தத் தலைப்போடு வந்தால், பெரும்பாலும் முதல் கேள்வியே “எலக்ட்ரோடை எங்கே வைக்கணும்?” என்பதாக இருக்கிறது. அது நான்காவது ஐந்தாவது கேள்வியாக வரவேண்டியது. அளக்கும் முறை சரியாக இல்லை என்றால், மின்னோட்டம் வேலை செய்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அளவைப் பற்றியே இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

எதை அளக்கிறோம்

ஒருவர் பட்டனை அழுத்தினால் அழுத்திய நேரம் பதிவாகும். அழுத்தாமல் நிறுத்திக்கொண்டால்? எதுவும் பதிவாகாது. நடக்காத ஒன்றுக்குக் கடிகாரத்தில் முள் கிடையாது. நிறுத்தும் வேகத்தை நேரடியாகப் பார்க்க வழியே இல்லை என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல்.

1984-இல் கார்டன் லோகன், வில்லியம் கோவன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கிண்டி ரேஸ் கோர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ‘செய்’ என்று ஒரு குதிரை முதலில் புறப்படுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ‘நிறுத்து’ என்று இன்னொரு குதிரை புறப்படுகிறது. ‘செய்’ முதலில் எல்லைக்கோட்டைத் தொட்டால் விரல் அழுத்திவிடும். ‘நிறுத்து’ முந்தினால் விரல் அசையாது. இரண்டாவது குதிரையை நம்மால் பார்க்க முடியாது. ஆனால் முதல் குதிரையின் ஓட்டத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறோம். இரண்டாவது எவ்வளவு தாமதமாகப் புறப்பட்டது என்பதும், எத்தனை முறை ஜெயித்தது என்பதும் தெரியும். இந்த மூன்றையும் வைத்து அதன் வேகத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அந்தக் கணக்கின் விடைக்கு எஸ்எஸ்ஆர்டி (ஸ்டாப்-சிக்னல் ரியாக்‌ஷன் டைம்) என்று பெயர். ஆரோக்கியமான இளைஞர்களிடம் அது பெரும்பாலும் 200 முதல் 250 மில்லி நொடிக்குள் வரும், அதாவது கால் நொடிக்கும் குறைவு.

ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களை ஒரு குழுவாக எடுத்தால் இந்த எண்ணின் சராசரி கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு தனி ஆளை உட்கார வைத்து, அவருடைய எண்ணைப் பார்த்து நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல இது உதவாது. பெற்றோர் யாராவது கேட்டால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சோதனையை அமைப்பது

திரையில் அம்புக்குறி வரும். இடப்பக்கம் காட்டினால் இடது பட்டன், வலப்பக்கம் காட்டினால் வலது பட்டன். முடிந்தவரை வேகமாக அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவை அம்பு வருவதும் ஒரு டிரையல். நான்கில் ஒரு டிரையலில் மட்டும், அம்பு வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு ‘நிறுத்து’ சிக்னல் வரும். அது பீப் ஒலியாக இருக்கலாம், அம்பு நிறம் மாறுவதாகவும் இருக்கலாம். வந்தால் அழுத்தக்கூடாது.

அம்புக்கும் சிக்னலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எஸ்எஸ்டி (ஸ்டாப்-சிக்னல் டிலே) என்பார்கள். 200 அல்லது 250 மில்லி நொடியில் தொடங்குங்கள். ஆள் வெற்றிகரமாக நிறுத்திவிட்டால் அடுத்த முறை 50 மில்லி நொடி கூட்டுங்கள், அதாவது கஷ்டமாக்குங்கள். நிறுத்த முடியாமல் அழுத்திவிட்டால் 50 குறையுங்கள். இப்படி ஏறி இறங்கும்போது, யாராக இருந்தாலும் ஏறக்குறைய பாதி தடவை நிறுத்துவார், பாதி தடவை தவறுவார். கணக்கு நன்றாக வர அந்தப் பாதிக்குப் பாதி நிலைதான் தேவை. ‘நிறுத்து’ டிரையல்கள் ஒருவருக்கு 50-க்குக் குறையக்கூடாது. அப்படியென்றால் மொத்தம் 200 டிரையல், கூடவே பழகிக்கொள்ள ஒரு சின்னச் சுற்று. இந்த அளவுகளை நான் கைக்கு வந்தபடி சொல்லவில்லை. ஃப்ரெடெரிக் வெர்புருகனும் இத்துறையின் பலரும் சேர்ந்து 2019-இல் ஈலைஃப் இதழில் ஒரு பொது வழிகாட்டியை வெளியிட்டார்கள். அதை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆய்வைத் தொடங்கும் முன் ஒருமுறை, முடித்து எழுதும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஸ்டாப்-இட் என்ற இலவச நிரல் இந்தச் சோதனைக்கென்றே எழுதப்பட்டது. சைக்காலஜி சோதனைகளை எழுதப் பயன்படும் சைக்கோபை என்ற மென்பொருள் தெரிந்தால் அதிலும் செய்யலாம்.

செலவழிக்க வேண்டியது கருவிகளில்தான். வயர் உள்ள கீபோர்டு, வயர் உள்ள ஹெட்ஃபோன். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் முதலில் வேலை கற்றுக்கொண்ட ஆய்வகத்தில் பீப் ஒலிக்கு புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருந்தோம். மூன்று வாரம் ஆட்களை அழைத்து உட்கார வைத்தோம். எல்லாருக்கும் எஸ்எஸ்ஆர்டி 350, 380 என்று வந்தது. இளைஞர்கள் இவ்வளவு மெதுவாக நிறுத்துவார்களா என்று குழம்பி, கடைசியில் ஒலியை ஒரு மைக்கில் பதிவு செய்து பார்த்தோம். கணினி ‘இப்போது ஒலித்தேன்’ என்று குறித்து வைத்த நேரத்துக்கும் காதில் ஒலி விழுந்த நேரத்துக்கும் நடுவில் நூறு மில்லி நொடிக்கு மேல் வித்தியாசம். அந்தத் தாமதம் முழுவதையும் பாவம், பங்கேற்றவர்களின் மூளை மேல் ஏற்றிவிட்டிருந்தோம். அந்த டேட்டா முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

திரையிலும் இதே கவனம் வேண்டும். சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும், ஒரு தடவைக்கு சுமார் 16.7 மில்லி நொடி. 50 மில்லி நொடி என்பது சரியாக மூன்று தடவை, அதனால் அந்தப் படிக்கட்டு அளவு நமக்கு வசதி. 40 என்று நீங்களாக மாற்றினால், நிரலில் எழுதியது ஒன்றாகவும் திரையில் வருவது வேறாகவும் இருக்கும்.

பங்கேற்பாளரிடம் பேசுவது

இந்தச் சோதனையைக் கெடுப்பதில் கருவிகளை விடப் பெரிய பங்கு ஒன்றுக்கு உண்டு: நம் ஊர்ப் பிள்ளைகளின் பரீட்சைப் பழக்கம். நல்ல மார்க் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உட்காருகிறார்கள். தப்பாக அழுத்தினால் மார்க் போகும் என்று தோன்றுகிறது. அதனால் அம்பு வந்ததும் அழுத்தாமல், ‘நிறுத்து’ வருகிறதா என்று காத்திருந்து அழுத்துகிறார்கள். போகப்போக இன்னும் மெதுவாகிறார்கள். ‘செய்’ குதிரை வேண்டுமென்றே நடந்து போனால் பந்தயமே இல்லை. வருகிற எண்ணுக்கும் நிறுத்தும் திறனுக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

அதனால் ஒரு தாளில் எழுதி வைத்து, எல்லாரிடமும் ஒரே மாதிரி பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். நான் சொல்வது இப்படி:

“அம்பு வந்ததும் உடனே அழுத்துங்க. சில நேரம் பீப் சத்தம் வரும், அப்போ மட்டும் அழுத்தாம விட்ருங்க. பாதி தடவை உங்களால நிறுத்த முடியாது. இந்தச் சோதனையை வச்சிருக்கிறதே அப்படித்தான், நீங்க தப்பு பண்றீங்கன்னு அர்த்தம் இல்ல. பீப் வருமோன்னு காத்திருக்காதீங்க. வேகமும் முக்கியம், நிறுத்துறதும் முக்கியம்.”

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவருடைய சராசரி வேகத்தைப் பாருங்கள். மெதுவாகிக்கொண்டே போனால் “இன்னும் கொஞ்சம் வேகமா போகலாம்பா, காத்திருக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். வயதில் பெரியவர் என்றால் “சார், காத்திருக்காம அழுத்தலாம்” என்று மரியாதையோடு. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அன்றைய டேட்டா வீணாகும்.

கணக்கு

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பீப் இல்லாத டிரையல் 150, பீப் உள்ளது 50. அந்த 50-இல் 24 தடவை நிறுத்த முடியாமல் அழுத்திவிட்டார். 24-ஐ 50-ஆல் வகுத்தால் 0.48. இப்போது பீப் இல்லாத 150 டிரையல்களின் நேரங்களை, வேகமானது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். 150-ஐ 0.48-ஆல் பெருக்கினால் 72. வரிசையில் 72-ஆவது நேரம் 470 மில்லி நொடி என்று வையுங்கள். ‘நிறுத்து’ குதிரை எல்லைக்கோட்டைத் தொட்ட இடம் அது. அவருக்குச் சராசரி எஸ்எஸ்டி 245 என்றால், 470-இலிருந்து 245-ஐக் கழித்தால் 225. இதுதான் அவருடைய எஸ்எஸ்ஆர்டி.

பழைய கட்டுரைகள் சிலவற்றில் வரிசையெல்லாம் இல்லாமல், சராசரி நேரத்திலிருந்து சராசரி எஸ்எஸ்டியை அப்படியே கழித்திருப்பார்கள். அதைப் பின்பற்றாதீர்கள். ஆள் மெதுவாகும்போது அந்த முறை எளிதில் தவறும். பீப் இல்லாமலே ஒருவர் அழுத்த மறந்த டிரையல்களையும் தூக்கி எறியாதீர்கள், அவருடைய மிக நீண்ட நேரத்தை அவற்றுக்குக் கொடுத்து வரிசையின் கடைசியில் சேருங்கள். தவறான பக்கம் அழுத்தியவையும் வரிசையில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு. நிறுத்த முடியாமல் அழுத்திய தடவைகளின் சராசரி நேரம், பீப் இல்லாத டிரையல்களின் சராசரியை விடக் குறைவாக இருக்க வேண்டும். வேகமாக ஓடிய ‘செய்’ குதிரைகள்தானே தப்பித்து ஜெயித்திருக்கும்? இது தலைகீழாக வந்தால் பந்தயக் கணக்கு அந்த ஆளுக்குப் பொருந்தவில்லை, எஸ்எஸ்ஆர்டி எடுக்கக்கூடாது. நிறுத்தத் தவறிய விகிதம் 0.25-க்குக் கீழோ 0.75-க்கு மேலோ போனாலும் அப்படியே. யாரை விலக்குவோம் என்ற விதிகளை டேட்டா சேர்க்கும் முன்பே எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதும் விதியில் ஆசை கலந்துவிடும்.

இதுவரை சொன்னதை நண்பர்கள் பத்துப் பேரை வைத்து, மின்னோட்டம் எதுவும் இல்லாமல் செய்து பாருங்கள். எண்கள் ஒழுங்காக வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

மூளையில் எங்கே, ஏன் அங்கே

2003-இல் ஆடம் ஆரனும் சகாக்களும் மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு இந்தச் சோதனையை வைத்தார்கள். வலது முன்மடலின் கீழ்மடிப்பில் சேதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெதுவாக அவர்கள் நிறுத்தினார்கள். நெற்றியின் வலது ஓரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி அது. 2006-இல் கிறிஸ் சேம்பர்ஸ் குழு, ஆரோக்கியமானவர்களுக்கு அதே இடத்தில் டிஎம்எஸ் என்ற காந்தத் துடிப்பைக் கொடுத்துத் தற்காலிகமாகத் தடுத்தபோதும் நிறுத்துவது மெதுவானது. அங்கிருந்து மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு முடிச்சுக்குச் செய்தி போய் அசைவுக்கு பிரேக் விழுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பார்கின்சன் நோயாளிகளுக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சையில் அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படும் இடமும் இந்த முடிச்சுதான். ஆனால் வலது கீழ்மடிப்பு பிரேக் போடுகிறதா, இல்லை ‘முக்கியமான சிக்னல் வந்திருக்கிறது’ என்று கவனிக்க மட்டும் செய்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் கட்டுரையில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் கையாளுவது டிடிசிஎஸ். தலையின் மேல் ஈரமான இரண்டு ஸ்பாஞ்ச் எலக்ட்ரோடுகள் வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் சுமார் 20 நிமிடம் செலுத்துவது. அதில் பெரும்பகுதி தோல் வழியாகவே ஓடிவிடும், கொஞ்சம்தான் மூளைக்குள் போகும். டிஎம்எஸ் நரம்பணுவைச் சிக்னல் அனுப்ப வைக்கும். டிடிசிஎஸ் அப்படிச் செய்வதில்லை. சிக்னல் அனுப்புவதற்கான தயார்நிலையை லேசாகக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். 2011-இல் லிரான் ஜேக்கப்சன் குழு வலது கீழ்மடிப்பில் நேர்முனையை வைத்தபோது நிறுத்துவது வேகமானதாகச் சொன்னது. பிறகு வந்த ஆய்வுகளில் சிலவற்றில் அப்படி வந்தது, சிலவற்றில் வரவில்லை. ஆகவே ‘வேகம் கூடும்’ என்ற நம்பிக்கையோடு தொடங்காமல், கூடுகிறதா என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

அனுமதியும் ஒப்புதலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி எதிக்ஸ் கமிட்டியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒருவர் தலையிலும் எலக்ட்ரோடு வைக்கக்கூடாது. நோயாளிகளிடம் சிகிச்சை நோக்கத்தோடு செய்தால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். டிடிசிஎஸ்ஸில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் குழுவில் இருப்பது அவசியம். ஆன்லைனில் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன, 9 வோல்ட் பேட்டரியில் செய்வது எப்படி என்று வீடியோக்களும் உண்டு. வீட்டில் செய்து பார்க்கவே வேண்டாம்.

யாரைச் சேர்க்கக்கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகமோ காக்ளியர் இம்பிளான்டோ உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், உச்சந்தலையில் புண்ணோ தோல் நோயோ உள்ளவர்கள். மனநல மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படித்தால் புரிகிற தமிழில். இங்கே ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தலையில் கரண்ட் வைப்பார்கள் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது ‘ஷாக் ட்ரீட்மென்ட்’. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை வசவாகச் சொல்லிப் பழகிய நகரம் இது. பங்கேற்க வரும் பெண்ணின் அம்மா போன் செய்து “என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆயிடாதே தம்பி?” என்று கேட்டால், அந்தப் பயத்துக்குப் பின்னால் தலைமுறைகளின் வலி இருக்கிறது. அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். அவர்கள் நினைக்கும் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’, அதாவது ஈசிடி என்பது மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்கள் செய்யும் சிகிச்சை, அதன் மின்னோட்டம் இதைப் போலச் சில நூறு மடங்கு. நாம் செய்வதில் ஆள் விழித்தபடி உட்கார்ந்திருப்பார். அரிப்பு, குறுகுறுப்பு, தோல் சிவப்பது, சிலருக்கு லேசான தலைவலி வரலாம். ஸ்பாஞ்ச் காய்ந்து போனால் தோல் சுடவும் வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

எலக்ட்ரோடு வைக்கும் நாள்

முந்தின நாளே மெசேஜ் அனுப்புங்கள்: ஷாம்பூவோ சீயக்காயோ போட்டுத் தலை குளித்து வாருங்கள், எண்ணெய் வைக்காதீர்கள், பூவும் ஹேர்பின்னும் வேண்டாம், இறுக்கமான பின்னல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஊறிய தலையில் மின்தடை இறங்கவே இறங்காது. மறந்து எண்ணெயோடு வந்துவிட்டால் வேறு நாள் கொடுங்கள்.

டெய்லர் டேப் ஒன்று போதும். மூக்குத் தண்டு நெற்றியைத் தொடும் பள்ளத்திலிருந்து பின்னந்தலையின் எலும்பு மேடு வரை அளங்கள். 36 செ.மீ. வந்தால் பாதி, அதாவது 18 செ.மீ., சி-இசட் என்ற உச்சிப் புள்ளி (இப்படி வரும் பெயர்களெல்லாம் தலையில் உள்ள புள்ளிகளைக் குறிப்பவை). ஒரு காதின் முன்பக்கத்திலிருந்து மறு காதின் முன்பக்கம் வரை அளந்தாலும் பாதி அங்கேயே விழ வேண்டும். மூக்கிலிருந்து 30 சதவீதத்தில், 10.8 செ.மீ.யில், எஃப்-இசட். அடுத்து தலையின் சுற்றளவு. மூக்குப் பள்ளத்திலிருந்து 10 சதவீதம் மேலே முன்புள்ளி, பின்மேட்டிலிருந்து 10 சதவீதம் மேலே பின்புள்ளி, இரண்டையும் தொடும்படி டேப்பைச் சுற்றுங்கள். 56 செ.மீ. என்றால் முன்புள்ளியிலிருந்து வலப்பக்கம் 15 சதவீதம், 8.4 செ.மீ.யில் எஃப்-8. 25 சதவீதம், 14 செ.மீ.யில் டி-4. இப்போது டி-4-இலிருந்து எஃப்-இசட்டுக்கு ஒரு கோடு, எஃப்-8-இலிருந்து சி-இசட்டுக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நேர்முனை ஸ்பாஞ்சின் நடுப்பகுதி வரட்டும். எதிர்முனை இடது புருவத்துக்கு மேல். முதலில் உங்கள் நண்பர் தலையில் பத்துத் தடவை அளந்து பழகுங்கள், புள்ளி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.

ஸ்பாஞ்சுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் போதும். சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நனையுங்கள். ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. மே மாதச் சென்னையில் வியர்வையும் சலைனும் சேர்ந்து தலை முழுக்கப் பரவினால், ஓட்டம் தோல் மேலேயே குறுக்கு வழியில் போய்விடும். அறையில் ஏசி வேண்டும், ஆள் வந்ததும் கால் மணி நேரம் உட்காரட்டும். மின்தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே வந்த பிறகே தொடங்குங்கள். கருவி பேட்டரியில் ஓட வேண்டும், சார்ஜரில் செருகியபடி ஒருபோதும் வேண்டாம். கரண்ட் போனாலும் சோதனை நிற்காதபடி கணினியை யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

ஓட்டத்தை 30 நொடியில் மெல்ல ஏற்றி, முடிவில் மெல்ல இறக்குங்கள். யாராவது நிறுத்தச் சொன்னாலும் ஸ்பாஞ்சைப் பிடுங்காமல், கருவியில் இறக்கிய பிறகே எடுங்கள்.

ஒப்பிட ஷாம், அதாவது போலி அமர்வு ஒன்று வேண்டும். எல்லாம் அதேபோல, ஆனால் ஓட்டம் ஏறி 30 நொடியில் இறங்கிவிடும். ஆரம்பக் குறுகுறுப்பு இரண்டிலும் இருப்பதால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. எது உண்மை, எது ஷாம் என்று பங்கேற்பாளருக்கும் தெரியக்கூடாது, சோதனை நடத்தும் உங்களுக்கும் தெரியக்கூடாது. எது எது என்று காட்டும் கருவியின் ரகசிய எண்களை வேறொருவர் வைத்திருக்கட்டும். ஒரே ஆளுக்கு இரண்டும் செய்தால் ஒரு வாரமாவது இடைவெளி விட்டு, அதே நேரத்தில் வரச் சொல்லுங்கள். காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்றால் தூக்கத்தை அளந்ததாகிவிடும். பாதிப் பேருக்கு ஷாம் முதலில், பாதிப் பேருக்கு உண்மை முதலில். இரண்டாவது தடவை பழக்கத்தாலேயே எண் மாறக்கூடும்.

முடிந்ததும் “இன்னிக்கு கரண்ட் இருந்துச்சா, இல்லையா, என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டு விடையைக் குறியுங்கள். ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் தோலைப் பாருங்கள். தலையைத் துடைக்க ஒரு துண்டும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். மறுநாள் காலையில் ஒரு போன் செய்து, தலைவலி ஏதாவது இருந்ததா, தூக்கம் வந்ததா என்று கேட்டு, பதிலைத் தேதியோடு அதே ஃபைலில் எழுதி வையுங்கள்.